எடுத்து வைத்த வலைகள்

எண்ணெய் காணாத சின்னச் சக்கரம் ஒன்று கல்லில் உரசி, தயங்கி, மறுபடி உரசி வருகிற சத்தம் தெய்வானையின் காதில் விழுந்தபோது தெருவில் எதுவுமே தெரியவில்லை. ஆடிக் காற்று கிளப்பியிருந்த புழுதியில் எதிர்வீட்டுக் கதவுகூட மறைந்துபோயிருந்தது. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் குப்பை வண்டிக்காரர்தான் சீக்கிரம் வந்துவிட்டார் போல என்று எண்ணினாள், ஆனால் குப்பை வண்டிக்கு இருமல் உண்டு, இதற்கு இல்லை, கீரைக்காரரின் சைக்கிளுக்கு மணி உண்டு, இதற்கு அதுவும் இல்லை, அழவும் தெரியாத ஏதோ ஒன்று முனகுவது போல ஒரு முனகல் மட்டும் தெருக்கோடியில் தொடங்கி, வீடு வீடாக நின்று விசாரித்து, கடைசியில் அவள் வாசலுக்கு நேராக வந்து அடங்கியது. காற்று கொஞ்சம் மூச்சு வாங்கியதும் பார்த்தாள். பெரிய ஊர்க் கடைகளில் சாமானை எடுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டு போவார்களே, கம்பி பின்னிய வண்டி, அது நின்றது. தள்ளிக்கொண்டு வந்த ஆள் இல்லை. உள்ளே நீல நிறத்தில் ஒரு இரட்டைக் கட்டில் கொசுவலை மடித்து வைத்திருந்தது, அதன் ஓரத் தையலில் நடுவில் நூல் தீர்ந்துபோய் வேறு நூல் மாற்றிய இடம் தெரிந்தது, அந்த நூலை மாற்றியவள் அவள்தான், முந்தின நாள் சாயங்காலம் தைத்து அலமாரியில் வைத்த வலைதான் அது.

உள்ளேயிருந்து அவள் புருஷன் ராசலிங்கம், யார் வந்தது என்று கேட்டார். வண்டிங்க என்றாள். யார் தள்ளிக்கொண்டு வந்தது என்றார். யாரும் தள்ளவில்லை என்றாள். கட்டிலில் கிடந்தபடியே அவர் சற்று யோசித்தார், யோசித்துவிட்டு, ஆள் பின்னால் வரும், வெயில் படாமல் ஓரமாக நிறுத்து என்றார். அவளும் நிறுத்திவிட்டு வாசல் தெளிக்கப் போனாள்.

கரூரில் கொசுவலை விற்பது அப்படியொன்றும் பெரிய தொழில் இல்லை, தடுக்கி விழுந்தால் வலைக்கடை என்பார்கள், அதிலும் இந்த வலைக்காரத் தெருவில் வீட்டுக்கு ஒரு தையல் மிஷின், மிஷினுக்கு ஒரு பொம்பளை, பொம்பளைக்கு ஒரு முதுகுவலி. ராசலிங்கம் காலம் பூராவும் மொபட்டின் பின்னால் வலை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆந்திரா, கன்னடம், மலையாளம் என்று சுற்றியவர். அந்தந்த ஊர்ப் பேச்சில் கொசு என்ற சொல்லும் தூக்கம் என்ற சொல்லும் தெரிந்தால் போதும், வியாபாரம் நடந்துவிடும் என்பார். போன இடத்தில் ஒரு பொம்பளை வலையைத் தொட்டுப் பார்த்து, மனசு பிடித்து, கையில் காசு இல்லாமல், அடுத்த தடவை வாறப்ப வாங்கிக்கறேன், இதையே எடுத்து வைங்க என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அந்த வலைக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டி மூட்டையின் அடியில் வைத்துவிடுவார், நடுவில் எவர் வந்து கெஞ்சினாலும் அதை அவிழ்க்க மாட்டார், மழை போய் வெயில் வந்து மறுபடி மழை வரும்போது அதே வாசலில் போய் நின்று அதே வலையை நீட்டுவார். அந்தத் தெருவில் அவர் ஒருவர் மட்டும் இல்லை, எல்லாருமே அப்படித்தான். சந்தையில் தொட்ட மாட்டுக்குக் கயிறு, கடையில் தொட்ட சரக்குக்குச் சொல் என்பது அங்கே பேச்சு.

பிறகு சர்க்கரை வியாதி அவருடைய வலது காலைப் பாதத்தோடு எடுத்துக்கொண்டது, கண்ணிலும் பாதி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. மொபட் துருப்பிடித்தது. அவர் படுத்துக் கிடந்தபடி விட்டத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஒருநாள் தெய்வானையைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இன்னும் ஒருத்தராச்சும் எங்கிட்ட வலை வாங்கிட்டுப் போறதைப் பாக்கோணும் புள்ள. ஒரே ஒருத்தர். அதுக்கப்புறம் என்ன ஆனாலும் எனக்குச் சரிதான்.”

அவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை, சாப்பாட்டில்கூட இல்லை. அவள் அதை அறிவாள்.

இணையத்தில் கடை போடலாம் என்று அவருக்கே தோன்றியது. கால் போனவனுக்கு அந்தத் தெரு ஒன்றுதான் மிச்சம் என்றார். செல்போனை மூக்கருகில் வைத்துக்கொண்டு, கடை நடத்தித் தருகிற மென்பொருள் ஒவ்வொன்றையும் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒன்று வாயைத் திறந்தால் இங்கிலீஷ். ஒன்று சிரித்துக்கொண்டே உள்ளே விட்டு, மறுமாதத்திலிருந்து லாட்ஜ்காரன் போல வாடகை கேட்டது. ஒன்று விற்பனைக்கு விற்பனை பங்கு கேட்டது, மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடிக்கிற தரகன் தேவலாம் என்றார் அதை. இன்னொன்று அத்தனை அழகு, அதற்குள் கொண்டுபோய் வைத்ததும் அவருடைய வலை, கல்யாண வீட்டுக்கு அழுக்கு வேட்டியோடு வந்த சொந்தக்காரனைப் போல ஓரமாக நின்றது, அது வேண்டவே வேண்டாம் என்று விட்டார். கடைசியில் ஒன்று கிடைத்தது. யார் செய்தது என்று அதில் எங்கும் போட்டிருக்கவில்லை, இலவசம், நல்ல தமிழ் பேசியது, தாங்கள் தங்கள் என்று மரியாதையாக ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது, சம்பந்தம் பேச வந்த பெரிய மனுஷர் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டது. கடைக்குப் பெயர் என்ன. சரக்கு என்ன. மிஷினில் தைத்து முடித்த கணமே அதைச் சரக்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா. ராசலிங்கம் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார்.

வாடிக்கையாளர் தம் வண்டியில் எடுத்து வைத்த சரக்கை எவ்வளவு நேரம் அவருக்காக வைத்திருக்க வேண்டும் என்று அடுத்து கேட்டது. கால் மணி நேரம், ஒரு மணி நேரம், ஒரு நாள், அவர் வரும்வரை.

ராசலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. தெய்வானையைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். வெத்தலை எச்சி துப்பிட்டு வாறதுக்குள்ள அடுத்தவனுக்கு வித்துப்போட்டா அதுக்குப் பேர் கடையா என்றார். அவர் வரும்வரை என்பதை விரல் நோக அழுத்தினார். மென்பொருள் நன்றி சொன்னது. கடைசியாக ஒரு கேள்வி, வங்கிக் கணக்கைப் பற்றியது, அதைக் கேட்டபோது மட்டும் அவர் காலண்டரைப் பார்த்தார். ஆடி மாசம். ஆடியில் புதுக் கணக்குத் தொடங்குகிற வழக்கம் அந்தத் தெருவில் எந்தக் காலத்திலும் இல்லை. ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே, பிறகு என்று எழுதியிருந்த கட்டத்தைத் தொட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தார். அதற்கு மறுநாள் காலையில்தான் முதல் வண்டி வந்தது.

சாயங்காலத்துக்குள் இன்னொன்று வந்தது, அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல் வந்தன, ஆடிப்பெருக்குக்கு அமராவதியில் தண்ணீர் வந்ததோ இல்லையோ வலைக்காரத் தெருவில் வண்டிகள் வந்தன. எங்கோ ஒரு ஊரில் எவரோ ஒருவர் செல்போனில் ஒரு வலையைத் தொட்டு வண்டியில் போட்டால் போதும், அலமாரியிலிருந்து அந்த வலை காணாமல் போகும், தெருக்கோடியில் முனகல் கேட்கும், வலையைச் சுமந்த வண்டி வந்து நிற்கும். வண்டியை நகர்த்தலாம், தள்ளலாம், திருப்பலாம். வலையை மட்டும் எடுக்க முடியாது. தெய்வானை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள், எதிர்வீட்டு வாசலில் இட்லிக்கடை போட்டிருக்கும் கண்ணாத்தாள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து இழுத்தாள், வலை கம்பியோடு கம்பியாக இருந்தது. எடுத்து வச்சது அப்படித்தான் இருக்கும் என்றார் ராசலிங்கம், அதில் பெருமை தெரிந்தது.

தெரு முதலில் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. வண்டிகளைப் பார்த்தாலே எந்த ஊர் என்று சொல்லுமளவுக்குப் பழகிக்கொண்டது. கடற்கரை ஊர் வண்டி ஒன்றின் அடியில் எந்நேரமும் உப்புத்தண்ணீர் சொட்டியது. மலையூர் வண்டி ஒன்று உச்சி வெயிலிலும் சில்லென்றிருக்கும், தலைவலிக்காரர்கள் போய் அதில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு வண்டி சாப்பாட்டு நேரம் ஆனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற யாரோ என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள், அதன் அருகில் ஒரு டம்ளர் மோர் வைத்தார்கள், மோர் அப்படியே இருந்தது, ஆனாலும் மறுநாளும் வைத்தார்கள். ஈரத்துணியை வண்டிமேல் காயப்போட்டார்கள். தெருநாய் ஒரு வண்டியின் அடியில் குட்டி போட்டது. மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து சக்கரத்துக்கு இவ்வளவு என்று வரி போட முடியுமா என்று யோசித்துவிட்டு, உரிமையாளர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், பொரி போட்டார்கள், பூசணிக்காயும் உடைத்தார்கள். கல்யாணத் தரகர் ஒருவர் வண்டிகளுக்கு நடுவே உலாத்தி, ஒற்றைக் கட்டில் வலைகளை மட்டும் குறித்துக்கொண்டு போனதாகவும் சொன்னார்கள்.

அலமாரி காலியானது. வாழ்நாளில் அந்தக் கடை அப்படிக் காலியானதே இல்லை, ஒரு வலைகூட விற்காமலே காலியாகியிருந்தது. தெய்வானை தைத்தாள், கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லால் கடிப்பதற்குள் மடியில் இருந்த வலை இல்லாமல் போகும், தெருக்கோடியில் முனகல் கேட்கும். வந்த வண்டிகளில் ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.

ராசலிங்கம் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போடச் சொல்லி, வண்டிகளைப் பார்த்தபடி கிடந்தார். கண் மங்கலில் அவருக்கு அவை வாசலில் வந்து நிற்கிற ஆட்களாகவே தெரிந்தன. காலையில் எழுந்ததும் யாராச்சும் வந்து எடுத்துக்கிட்டாங்களா என்பார். இல்லைங்க என்பாள். வருவாங்க என்பார். புரட்டாசியில் அதைச் சத்தமாகச் சொன்னார், ஐப்பசியில் மெதுவாகச் சொன்னார். தெரு மட்டும் அத்தனை பொறுமையாக இல்லை. கண்ணாத்தாள் இட்லி ஊற்றிக்கொண்டே, இருந்தாப்பல இருந்து வண்டிகளைப் பார்த்து வைவாள். வேணும்னா வந்து எடு, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலை, இப்படி ஆசையக் காட்டிட்டு நடுத்தெருவுல விட்டுட்டுப் போனா நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று உப்புத்தண்ணி வண்டியை ஒருநாள் கரண்டியால் தட்டியேவிட்டாள். அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழை நின்றதும் கொசு வந்தது. கொசு வந்ததும் காய்ச்சல் வந்தது. தெரு பூராவும் வலை மலை மாதிரி நிற்க, ஒவ்வொருவராகப் படுத்தார்கள். கார்த்திகை பிறந்தபோது ராசலிங்கத்துக்கு உடம்பு கொதித்தது. வலைக்குள் படுக்க வையுங்கள், இவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். தெய்வானை பக்கத்துக் கடையில் ஒரு வலை கேட்டு வாங்கி வந்து நாலு மூலையிலும் கயிறு கட்டினாள். அவர் காய்ச்சலிலும் அதைக் கவனித்துவிட்டார். கையை நீட்டிப் பிடித்து இழுத்தார். ஊருக்கெல்லாம் வலை கொடுக்கிறவன் அடுத்தவன் வலைக்குள் படுத்தால், எடுத்து வைத்தவர்களுக்கு நம் சரக்கின் மேல் என்ன நம்பிக்கை இருக்கும் என்றார். அதை அவிழ்த்துத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் மாத்திரை விழுங்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டார். அவிழ்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்போது, வண்டிகளுக்கு நடுவே நின்று கொஞ்ச நேரம் அழுதாள், அழுது முடிக்கும்போது அவளுக்கு அந்த யோசனை வந்தது.

நாமளே வாங்கிப் போடலாம்.

தன் கடையில் தானே வாடிக்கையாளராகப் போய் ஒரு வலையை வாங்கிவிட்டால் அவருக்கு மேலே கட்ட நம் வலையே கிடைக்கும், ஒரே ஒருத்தர் வந்து வாங்கிக்கொண்டு போனார் என்று அவரிடம் சொல்லவும் சொல்லலாம், வாங்கினது யார் என்று அவர் கேட்டால் கேட்கட்டும். இதைச் சொன்னபோது கண்ணாத்தாள் இட்லிச் சட்டியை மூடி வைத்துவிட்டுச் செல்போனோடு வந்துவிட்டாள். ஊரில் எவரும் முந்திக்கொள்ளாமல் வலையைப் பிடிப்பதுதான் கஷ்டம். மதியச் சாப்பாடு முடிந்து ராசலிங்கம் அயர்ந்திருந்த நேரத்தில், தெய்வானை மிஷினில் உட்கார்ந்து தைத்தாள், கண்ணாத்தாள் பக்கத்தில் முக்காலி போட்டு, மாவு காயாத கட்டைவிரலைச் செல்போனுக்கு மேலே கோழியைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசித் தையல் ஓடியது. தெய்வானை முடிச்சுப் போட்டாள்.

“அமுக்குக்கா.”

அமுக்கினாள். மடியிலிருந்த வலை போய்விட்டது. தெருக்கோடியில் முனகல் கேட்டது, இருவரும் வாசலுக்கு ஓடினார்கள், வண்டி வந்தது, இட்லி ஆவி அடிக்கிற வண்டி, கண்ணாத்தாளின் அடுப்புக்குப் பக்கத்தில் போய் உரிமையோடு நின்றது. கண்ணாத்தாள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து, அது கேட்ட பெயர், கதவு எண், தெரு, எல்லாவற்றையும் போட்டு, பணம் செலுத்துக என்ற பச்சைக் கட்டத்தை அழுத்தினார்கள்.

திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. காத்திருக்கவும் என்றது.

காத்திருந்தார்கள். கண்ணாத்தாள் போய் ஏனம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள், சுற்றிக்கொண்டிருந்தது. நம்ம பக்கம் நெட்டு சரியில்லை என்று மாரியம்மன் கோயில் வரைக்கும் செல்போனைச் சாமி தூக்குகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள், அங்கேயும் சுற்றியது. அணைத்துப் போட்டார்கள், மறுபடி எல்லாவற்றையும் எழுதினார்கள், மறுபடி அழுத்தினார்கள். காத்திருக்கவும்.

தெய்வானை வீட்டுக்கு வந்து, அயர்ந்து கிடந்தவரின் தலைமாட்டிலிருந்து அவருடைய செல்போனை எடுத்தாள். அதுதான் கடை. அதை அவள் ஒருநாளும் திறந்து பார்த்தது இல்லை, தைக்கிறது நான், கடை அவர் என்று இருந்துவிட்டாள். திறந்ததும் உச்சியில் மஞ்சளாக ஒரு பட்டை தெரிந்தது. மங்கிய கண்ணுக்கு அது அலங்காரமாகப் பட்டிருக்கும், ஆவணி பிறந்தபோது வண்டிகளைப் பார்த்துக் கிடந்ததில் கணக்கு மறந்தே போயிருக்கும். அதில் சின்ன எழுத்தில், மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தது: தங்கள் வங்கிக் கணக்கு இன்னும் இணைக்கப்படவில்லை. வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே, பிறகு என்ற கட்டம்.

அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். அத்தனை வண்டிகளும் நின்றன. போட்டுவிட்டுப் போனவர்கள் என்று அத்தனை மாதம் வைதது எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. ஒருவர்கூட விட்டுவிட்டுப் போகவில்லை. பேர் சொல்லி, ஊர் சொல்லி, கையில் பணத்தோடு வாசல் வரை வந்து, சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அவரிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் கண் விழித்ததும் அவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார், யாராச்சும் வந்தாங்களா என்று, அதற்கு இல்லைங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“வந்திருக்காங்க,” என்றாள்.

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். “ஆரு?”

“எல்லாருந்தான். வாசல் வரைக்கும் வந்து நின்னிருக்காங்க. நாமதான் கதவத் தொறக்கலைங்க. பேங்கு கணக்கு இணைக்கவே இல்லை.”

அவர் காய்ச்சலில் சிவந்த கண்ணைச் சுருக்கி வண்டிகளையே பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவள் பார்த்தாள், எல்லாரும் வந்திருக்கிறார்கள் என்பதற்கான வெளிச்சம், அது அப்படியே நின்றபடியே கறுத்துப்போனதையும் பார்த்தாள்.

“நாம இல்ல புள்ள,” என்றார். “நான்.”

செல்போனை வாங்கிக் கணக்கை இணைக்கப் பார்த்தார். முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினார். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். கணக்கின் சொந்தக்காரர் முகத்தோடு இந்த முகம் பொருந்தவில்லை, நேரில் வரவும் என்றது வங்கி. எந்தக் காலை வைத்துக்கொண்டு என்று அவர் அதனிடமே கேட்டார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் மூக்கில் ரத்தம் வந்தது. ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்று ஊளையிட்டது, வண்டிகளைத் தாண்டி வர வழியில்லை. தெரு மொத்தமும் வந்து, பாவம் நகருங்க சாமி, நகருங்க தாயி என்று ஒவ்வொரு வண்டியையும் மனுஷரைத் தொடுகிற மாதிரி தொட்டு ஓரம் கட்டியது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது ராசலிங்கம் இரண்டு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே போனார். அவர் உயிரோடு திரும்பவில்லை. காரியத்தன்று பாதி ஊரின் வாசனை அந்தத் தெருவில் இருந்தது, கடலும் காப்பித்தோட்டமும் ரயிலடியும் மாவுமில்லும், எந்த வண்டியும் அசையவில்லை, சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்க்கிற வண்டி மட்டும் அன்றைக்குப் பந்தியைப் பார்த்து நின்றது.

அதன்பிறகு முனகல் கேட்கவில்லை. கொசுக்காலம் முடிந்துவிட்டது, ஊர் உலகத்தில் எவருக்கும் வலை தேவைப்படவில்லை. தெய்வானை கடையை மூடிவிடலாம் என்று மென்பொருளிடம் கேட்டாள். வாடிக்கையாளர்களுக்காக எடுத்து வைத்த சரக்கு இருக்கும்வரை கடையை மூட இயலாது, தங்கள் சொல் காப்பாற்றப்படும் என்றது அது. கணக்கைத் தன் பெயருக்கு மாற்றலாமா என்று வங்கியில் போய்க் கேட்டாள். வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அது வந்தபிறகு பார்க்கலாம் என்றார்கள். அவள் மிஷினுக்குப் போர்வை போட்டு மூடினாள். வாசல் தெளிப்பதில்லை, கோலம் இல்லை. கண்ணாத்தாள்தான் இட்லி கொண்டுவந்து வைத்தாள், குழாயில் தண்ணீர் வரும் அன்று அவளே இரண்டு குடம் பிடித்து அடுக்களையில் இறக்கிவிட்டுப் போனாள்.

தை மாதத்தில், முகூர்த்த நாள் ஒன்றில், பட்டுச்சேலை கட்டிய ஒரு பொம்பளை கையில் தாம்பூலப் பையோடு தெருமுனையில் நின்று, கொசுவலை ராசலிங்கம் கடை எது என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அமலோற்பவம் என்று பெயர் சொன்னாள். திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையில் ஊர், அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கரூர் வந்தவள். தெய்வானை நாற்காலி போட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

“எக்கா, நான் உங்க கடையில ஒரு வலை எடுத்து வச்சிருந்தேன், மழைக்கு முன்னால,” என்றாள். “பணம் போடப் போனா அந்தச் சக்கரம் சுத்திக்கிட்டே கெடந்துச்சு. மூணு நாளு பாத்தேன். பொறவு பொறுக்க முடியாம எங்கூருலயே ஒண்ணு வாங்கிட்டோம். ஆனா நீங்க எனக்காவ எடுத்து வச்சிருப்பியளோன்னு மனசு கேக்கல. இந்தப் பக்கம் வந்ததுதான் வந்தோம், வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருவோம்னு வந்தேன்.”

தெய்வானை அவளைக் கூட்டிக்கொண்டு போய் உப்புத்தண்ணீர் சொட்டுகிற வண்டியைக் காட்டினாள். அமலோற்பவத்துக்கு ஆச்சரியமாக இல்லை, கூச்சமாகத்தான் இருந்தது. ஐயோ நெசமாவே வச்சிருக்கியளே என்றாள். வண்டியின் கைப்பிடியைத் தொட்டு, வேண்டாங்க்கா, நீங்க ஆருக்காச்சும் குடுத்துருங்க என்றாள்.

சொட்டுவது நின்றது. தெய்வானை வலையில் கை வைத்தாள், அது பஞ்சு மாதிரி கையோடு வந்துவிட்டது. கொண்டு போங்க, சும்மா கொண்டு போங்க என்று நீட்டினாள். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பழைய கடனைத் தூக்கிக்கொண்டு போவதா என்று அமலோற்பவம் சிரித்து மறுத்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, கடைக்கார அண்ணன் இல்லையா என்று விசாரித்து, இல்லை என்றதும் தலையில் முந்தியை இழுத்துவிட்டுக்கொண்டு சிலுவை போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

கண்ணாத்தாள் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வண்டி அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே, கார்த்திகையிலிருந்து அதே இடத்தில், கரி படிந்து நின்றுகொண்டிருந்தது. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். தெய்வானையைப் பார்க்காமல் வண்டிக்குக் கிட்டே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் வேண்டாம் என்றாள்.

வலை நழுவி அவள் கையில் விழுந்தது.

இரண்டு பேரும் தெருவின் இரண்டு பக்கத்தில் கையில் ஆளுக்கொரு வலையோடு நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கார்த்திகையில் அந்த வண்டி வந்த அன்றைக்குச் சாயங்காலமே, இட்லி ஊற்றுகிற நேரத்தில் எப்போதும் வைகிற மாதிரி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்பதை இருவரில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. கண்ணாத்தாளின் அடுப்பில் இட்லிச் சட்டி அடிப்பிடிக்கிற வாடை வந்தது.

எங்கோ ஒரு வீட்டில் குழாய் காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்துவிட்டது என்று ஒரு குரல் வீடு வீடாகத் தாவிக்கொண்டு வந்தது. கண்ணாத்தாள் பழக்கத்தில் தெய்வானையின் குடத்தை எடுக்க உள்ளே போகப் போனாள். இருக்கட்டும்க்கா என்று தெய்வானை அவளைத் தடுத்தாள். வலையை மடித்துக் காலி அலமாரியில் வைத்தாள். உள்ளே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே இடுப்பை ஒதுக்கி ஒதுக்கி நடந்து குழாயடிக்குப் போய், வரிசையில் கடைசியாக நின்று, தன் முறை வந்ததும் குடத்தின் வாயை முந்தானையால் துடைத்துக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.